அப்பா அழவில்லை, அப்படியும் மனச்சோர்வாக இருக்குமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அப்பாவுக்கு 63 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாக வயிற்றில் ஏதோ உருளுகிறது, நெஞ்சு எரிகிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்கிறார். ஈசிஜி, எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் கோளாறு இல்லை. அம்மா திருஷ்டி என்கிறார். அண்ணன் 'சும்மா உட்கார்ந்திருந்தால் இப்படித்தான்' என்கிறார். நீங்கள் பெங்களூரிலிருந்து போனில் மனச்சோர்வை அளக்கும் ஒரு கேள்வித்தாளை வாசிக்க, அவர் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'அதெல்லாம் இல்லம்மா' என்று சொல்லி 27-க்கு 4 மதிப்பெண் வாங்கியிருக்கிறார். அழுவதில்லை, சோகமாகவும் தெரியவில்லை, இதை எப்படி மனச்சோர்வு என்பது என்று கேட்கிறீர்கள்.

வாய்விட்டுச் சொல்லாத, சொல்லவும் தெரியாத ஒரு மனிதரிடம் இதை எதை வைத்துக் கண்டுகொள்வது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவில் 18 வருடமாக நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். உங்கள் அப்பா மாதிரியானவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அவரை நான் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு இருக்கிறது, இல்லை என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தால் எதைக் கவனிப்பேன் என்று சொல்லலாம்.

முதலில் நேரான பதில்: அழுகை கட்டாயமில்லை. மருத்துவர்கள் கையாளும் வரையறையில் ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன. மனம் வாடிக் கிடப்பது, எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, பசியோ எடையோ மாறுவது, தூக்கம் கெடுவது, அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, அசதி, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் அல்லது காரணமில்லாத குற்ற உணர்வு, கவனம் நிற்காமல் போவது, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து சேர்ந்தாற்போல இரண்டு வாரம், அநேகமாக எல்லா நாளும் இருக்க வேண்டும்; அன்றாட வாழ்க்கை அதனால் தடைபட வேண்டும். அந்த ஐந்தில், நான் முதலில் சொன்ன இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டும் அல்ல, ஒன்று. சோகமே வெளியில் தெரியாமல் நாட்டம் மட்டும் வற்றிப்போனாலும் அது மனச்சோர்வுதான். வயதான ஆண்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த வகையைத்தான்.

அவர்கள் யாரும் 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. 'ஒண்ணும் ஓடல சார்', 'சோறு இறங்கல', 'வாயெல்லாம் கசக்குது', 'தலைக்குள்ள பாரமா இருக்கு', 'நரம்புத் தளர்ச்சி போல' என்பார்கள். கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். அதற்குள் நான்கு ஊர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள். நான் பையைத்தான் முதலில் பார்ப்பேன். ஆறு மாதத்தில் மூன்று ஈசிஜி, இரண்டு ஸ்கேன், எல்லாம் நார்மல் என்றால், தேட வேண்டிய இடம் வேறு என்பதற்கு அதுவே பாதித் தடயம். வலி பொய்யா என்றால், இல்லை. அவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது. 'எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லை' என்று அனுப்பிவைக்கும்போது அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் உடைந்துபோகிறார்.

நம் பத்திரிகைகளிலும் டிவியிலும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயத்துக்கு வைத்துக் குழப்பிவிட்டார்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் வருவது அழுத்தம். நெருக்கடி போனால் அதுவும் போய்விடும். நாம் பேசிக்கொண்டிருப்பது சோர்வு. நெருக்கடி எதுவும் இல்லாத வீட்டிலும் அது வந்து உட்காரும். 'அப்பாவுக்கு என்ன ஸ்ட்ரெஸ்? பென்ஷன் வருது, பிள்ளைங்க நல்லா இருக்காங்க' என்று உங்கள் அண்ணன் கேட்பதற்குக் காரணம் இந்தச் சொற்குழப்பமும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்வாரிய லைன்மேனை அவர் மனைவி கூட்டிவந்தார். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர், கட்டுமஸ்தான உடம்பு. என்ன கேட்டாலும் 'கேஸ் ட்ரபிள்' என்று மட்டும் சொன்னார். அழுகையா? இல்லை. கவலையா? இல்லை. சரி, அந்த அம்மாவிடம் கேட்கலாம் என்று, 'வீட்டில் இவர் தினமும் செய்கிற வேலை எதையாவது நிறுத்தியிருக்கிறாரா?' என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னது இது: 'காலண்டர் தாள் கிழிக்கிறதில்ல சார்.' முப்பது வருடமாகக் காலையில் பல் தேய்த்ததும் முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்து, ராகுகாலம் பார்த்து, அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுகிற மனிதர் அவர். நான் கேட்ட அன்றைக்குத் தேதி 19. வீட்டுக் காலண்டரில் 8 என்று இருந்ததாம். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை, அது அவர் வேலை என்பதால். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, 'என்ன தேதியா இருந்தா என்ன' என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் இப்படித்தான் கேட்கிறேன். புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதைவிட, வழக்கமாக இருந்த எது காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். அப்பா தினமும் ஷேவ் செய்கிறவரா, இப்போது தாடி வளர்ந்து கிடக்கிறதா? பேப்பர் வந்ததும் பிடுங்குகிறவர் மடிப்புக் கலையாமல் போட்டு வைத்திருக்கிறாரா? டீக்கடைக் கூட்டாளிகள் 'ஆளையே காணோமே' என்கிறார்களா? குழம்பில் உப்பு இல்லை என்றால் தட்டைத் தள்ளிவிடுகிறவர் இப்போது எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துபோகிறாரா? கடைசியாகச் சொன்னதை நம் வீடுகளில் 'வயசானதும் பக்குவம் வந்துவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில நேரம் அது பக்குவம்தான். மற்ற மூன்றும் சேர்ந்து இருந்தால் அப்படி நினைக்காதீர்கள்.

தூக்கத்தைக் கொஞ்சம் நுணுக்கமாகக் கேளுங்கள். படுத்ததும் தூக்கம் வராமல் புரளுவது கவலையிலும் வரும், சாயங்காலம் குடித்த காப்பியாலும் வரும். மனச்சோர்வு கடுமையாக இருப்பவர்கள் படுத்ததும் தூங்கிவிட்டு, இரண்டரை மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல எழுந்துவிடுவார்கள். அதற்குப்பின் கண் மூடாது. விடியற்காலையில் மனசு அடிமட்டத்தில் கிடக்கும். சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் தெளியும். நீங்கள் தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் செய்கிறீர்கள் என்றால், அவருடைய நல்ல நேரத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒருநாள் காலை ஆறரைக்கு அழைத்துப் பாருங்கள். குரல் வேறாக இருக்கும். எல்லோருக்கும் இப்படி இருப்பதில்லை, ஆனால் இருந்தால் அது வலுவான அடையாளம்.

பேச்சின் வேகத்தையும் கவனியுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும், குரல் தணியும், பதில்கள் ஒரு சொல்லில் முடியும். ஞாபகம் போய்விட்டது என்று அவரே புலம்பக்கூடும். இது வீட்டாரை மறதி நோயோ என்று பயமுறுத்தும். மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் தனக்கு மறதி இருப்பதையே ஒப்புக்கொள்ளமாட்டார், தவறான பதிலையும் தெம்பாகச் சொல்வார். சோர்வில் இருப்பவர் முயலாமலே 'தெரியல' என்று கைவிட்டுவிடுவார். இது துல்லியமான கோடு அல்ல. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. எனக்கே ஆறு மாதம் பார்த்த பிறகுதான் தெளிவான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் தயங்க வேண்டாம். கையில் பணம் இருக்கும்போதே 'எல்லாம் போச்சு, நடுத்தெருவுக்கு வந்துட்டோம்' என்று சொன்னாலோ, 'குடல் அழுகிடுச்சு, எந்த டாக்டருக்கும் தெரியல' என்று சாதித்தாலோ, பாஸ்புக்கைக் காட்டினாலும் நம்பாவிட்டாலோ, நோய் முற்றிய நிலை அது. அந்த வாரமே மருத்துவரிடம் போயாக வேண்டும்.

இப்போது உங்கள் 4 மதிப்பெண். நீங்கள் வாசித்தது பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளாக இருக்க வேண்டும், 2001-இல் வெளியானது. நல்ல கருவி, நாங்களும் பயன்படுத்துகிறோம். 10-ஐ எட்டினாலே விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது பதில் சொல்கிறவரின் ஒப்புதலை நம்பி நிற்கிறது. 'உங்களையே நீங்கள் வெறுக்கிறீர்களா' என்பது போன்ற கேள்விகளை மகள் போனில் வாசிக்கும்போது, பக்கத்தில் மனைவி நிற்கும்போது, எந்தத் தகப்பன் ஆமாம் என்பார்? முதியவர்களுக்கென்று தனியாக ஒரு அளவுகோல் இருக்கிறது, ஆமாம்–இல்லை என்று பதில் சொல்கிற 15 கேள்விகள். அதில் உடம்புத் தொந்தரவுகளைப் பற்றிக் கேட்பதில்லை, ஏனென்றால் இந்த வயதில் அவை யாருக்கும் இருக்கும். எந்தத் தாளாக இருந்தாலும் மதிப்பெண் குறைவு என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ரத்தத்திலோ ஸ்கேனிலோ மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் இன்றுவரை கிடையாது.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை எதற்கு? மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடுகிற உடல்நோய்களைக் கழித்துப் பார்க்கத்தான். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை, யாருக்கும் தெரியாமல் சாயங்காலம் போடுகிற குவார்ட்டர். எடை வேகமாகக் குறைந்தால் புற்றுநோயையும் தேட வேண்டும். இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். அறுபது வயதுக்காரர், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை, நடை மெதுவாகிவிட்டது, பேச்சு தணிந்துவிட்டது. மனச்சோர்வு என்று நான்கு மாதம் மாத்திரை கொடுத்தேன். தூக்கம் மட்டும் தேறியது. ஒருநாள் அவர் எழுந்து வாசல் பக்கம் நடந்தபோது, வலது கை வீசுகிறது, இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. பார்க்கின்சன் நோய், உடம்பின் அசைவுகளை மெல்ல மெல்ல முடக்குகிற மூளை நோய். அதுவரை நான் அவரை உட்காரவைத்தே பேசியிருக்கிறேன், நடக்கவைத்துப் பார்க்கவே இல்லை. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அப்பாவைத் தெருமுனை வரை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு கையும் ஒரே மாதிரி வீசுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவதால்தான் இது வருகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நாங்களே நோயாளிகளுக்கு எளிதாகப் புரியட்டும் என்று அப்படிச் சொல்லிவந்தோம். அதற்கு உறுதியான சான்று இல்லை என்பதை 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு எடுத்துக்காட்டியது. காரணம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் மிதமான, கடுமையான சோர்வில் மருந்து பலருக்கும் வேலை செய்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்தது, இழவு வீட்டுத் துக்கம். நெருங்கியவர் இறந்த பிறகு வரும் துக்கத்தை நோய்க்கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கும் விதியை அமெரிக்க வரையறை 2013-இல் எடுத்துவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. இரண்டு வாரம் என்றால் நம் ஊரில் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருக்காது. துக்கத்தில் இருப்பவருக்கு அலை அலையாக வரும், நடுவில் போனவரைப் பற்றிய ஒரு வேடிக்கையான ஞாபகத்தில் சிரிக்கவும் செய்வார், தன்னைத் தானே கேவலமாக நினைக்கமாட்டார். அப்படி இருந்தால் நான் காத்திருந்து பார்க்கிறேன். ஓய்வு பெற்றதால் வந்ததா, நீங்கள் வெளியூர் போனதால் வந்ததா என்று காரணம் தேடுவதும் பெரும்பாலும் யூகம்தான். உங்களால்தான் வந்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கேட்கத் தயங்குகிற ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது ஆய்வுகளில் நன்றாகவே தெரிந்த விஷயம். பலருக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கிறது. 'அப்பா, இப்படி இருக்கிறதுக்கு இல்லாமலே போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். 'நான் போயிட்டா உங்களுக்குத் தொல்லை இல்ல' என்ற பேச்சு, சொத்துப் பத்திரங்களை அவசரமாக ஒழுங்குபடுத்துவது, பல வாரத் தவிப்புக்குப் பிறகு திடீரென்று வரும் அமைதி, இவற்றைச் சாதாரணமாக விடாதீர்கள். உங்களுக்கு நிலம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்கு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். இதை அனுபவ யோசனையாக மட்டும் சொல்லவில்லை. இலங்கையில் 1990-களில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு, பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. கைக்கெட்டாமல் வைப்பது உயிரைக் காக்கிறது. அவரிடமிருந்து ஆமாம் என்று பதில் வந்தால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050.

வைத்தியத்தைப் பற்றி விரிவாகப் போகவில்லை, அது உங்கள் கேள்வியும் அல்ல. மருந்து தொடங்கினால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்; அதற்குள் 'வேலை செய்யலை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். தூக்க மாத்திரை வேறு, இது வேறு. இதற்கு அடிமையாக மாட்டார், ஆனால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இந்த வயதில் சில மருந்துகள் ரத்தத்தில் உப்பின் அளவைக் குறைக்கும், அதனால் சோடியம் பார்க்கச் சொல்வார்கள். மறுக்காமல் பாருங்கள். முன்பு எப்போதாவது சில நாள் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்திருக்கிறாரா என்பதை அம்மாவிடம் கேட்டு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; அப்படி இருந்தால் மருந்தே மாறும். சோறு தண்ணீர் இறங்காத நிலையில் மின்அதிர்வு சிகிச்சை சொன்னால் சினிமாவை நினைத்து ஓடிவிட வேண்டாம். மயக்க மருந்து கொடுக்காமல் அதைச் செய்வதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

அவர் 'பைத்தியக்கார டாக்டரிடம் வரமாட்டேன்' என்பார். பெரும்பாலும் எல்லோருமே அதைத்தான் சொல்கிறார்கள். 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வருகிறது. வந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 85 பேர் சிகிச்சைக்கே போவதில்லை. வாதாடாதீர்கள். 'உங்களுக்கு மனசுல பிரச்சினை' என்று தொடங்கினால் கதவு சாத்திவிடும். 'தூக்கம் போச்சே, அதைச் சரிபண்ணிட்டா வயிறும் அடங்கும், ஒருதடவை பார்த்துட்டு வந்துடலாம்' என்று சொல்லிப் பாருங்கள். அதில் பொய்யும் இல்லை. ஏற்கெனவே பார்க்கிற குடும்ப டாக்டர் சொன்னால் இன்னும் எளிது. நீங்கள் ஒருநாள் லீவு போட்டுக் கூடவே போங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், காலண்டர் கதை மாதிரி ஏதாவது ஒன்று அவரிடம்தான் இருக்கும். மஞ்சப்பையையும், அவர் தினமும் போடுகிற மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை, மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, எல்லாவற்றையும்.